சொந்த ஊர்ப் பள்ளியில் சமத்துவம்: உள்ளூர் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாம் பிறந்து வளர்ந்த ஊரிலோ, அதை ஒட்டிய ஊரிலோ அரசுப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்கள், அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் பயிற்சி இடைவேளைகளிலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலேயே பின்னாளில் தலைமையாசிரியராக இருந்தேன். எங்கள் வீடு காலனித் தெருவில் இருக்கிறது. ஆகவே, பதில்களில் சட்டமும் அரசாணையும் வரும் இடங்களில் என் அனுபவமும் சேர்ந்தே வரும்.

பள்ளியில் சமத்துவம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சீருடை, ஒரே பாடநூல், ஒரே சோறுதானே கொடுக்கிறோம்?

கொடுக்கிறோம், அந்த நிலைக்கு வந்து சேரவே தமிழ்நாட்டுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனால் ஒரே சீருடை போட்ட முப்பது குழந்தைகளில் யார் முன்வரிசையில் உட்கார்கிறார்கள், யாரைப் பெருக்கச் சொல்கிறோம், யாரை இறைவணக்கக் கூட்டத்தில் திருக்குறள் சொல்ல அழைக்கிறோம், யார் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம், யார் ஒரு மாதம் வராவிட்டாலும் "அவங்க அப்படித்தான், செங்கல் சூளைக்குப் போயிருப்பாங்க" என்று விட்டுவிடுகிறோம் என்பவற்றை எந்தப் பதிவேடும் காட்டுவதில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகள் பள்ளியில் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்வதை அரசின் கடமை என்றும் உள்ளாட்சியின் கடமை என்றும் சொல்கிறது. அந்தக் கடமை நிறைவேறுகிறதா இல்லையா என்பது மேற்கண்ட சின்னச் சின்ன வழக்கங்களில்தான் தெரியும். பள்ளி மாற்றம் என்று நான் சொல்வது அந்த வழக்கங்களை மாற்றுவதையே.

வெளியூரிலிருந்து வரும் நல்ல ஆசிரியரால் இதைச் செய்ய முடியாதா?

முடியும், பலர் செய்திருக்கிறார்கள். எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் வெளியூர்க்காரர்தான், நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வந்தார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் எங்கே ஓடுகின்றன என்பதை அறிந்துகொள்ளவே அவருக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். எந்தத் தெருக் குழந்தை எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறது, எந்த வீட்டில் அப்பாவின் முன்பணக் கடனுக்காகக் குடும்பமே கரும்பு வெட்டப் போகிறது, எந்தப் பெண்பிள்ளைக்கு எட்டாம் வகுப்போடு மாமன் வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது என்பதெல்லாம் உள்ளூர் ஆசிரியருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். மாலை நான்கு பத்துக்குப் பேருந்து ஏற வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. துக்க வீட்டிலும் மஞ்சள் நீராட்டிலும் பெற்றோரைச் சந்திக்கிறார். அங்கே பேசும் பேச்சு பள்ளி வாசலில் பேசும் பேச்சைவிட உண்மையாக இருக்கும்.

அப்படியானால் உள்ளூர்க்காரர் என்பதே போதுமான தகுதியா? ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த உள்ளூர் ஆசிரியர் என்றால்?

போதாது. இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதைத் தொடர்ந்து, பள்ளிகளில் சாதி வேறுபாடுகளைக் களைவது குறித்து ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது அளித்த அறிக்கையில், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவர்களை அந்தப் பகுதியிலேயே கல்வி அலுவலர்களாகவும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களாகவும் நியமிக்கக் கூடாது என்ற பரிந்துரையும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நான் மேலே சொன்னதற்கு அது நேர் எதிராகத் தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் ஏற்கெனவே அதிகாரம் உள்ளவர்களின் கையிலேயே பள்ளியின் அதிகாரமும் போய்ச் சேரும்போது, அடிபட்ட குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும் என்பதே அந்தப் பரிந்துரையின் கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஊர்த்தெருவைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் இந்த வேலையில் இறங்க விரும்பினால், காலனிப் பெற்றோருக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டுத் தம் சொந்தக்காரர்களிடம் பேசுவதிலிருந்து தொடங்கட்டும். "என் பிள்ளை பக்கத்துல அவனை ஏன் உட்கார வெச்சீங்க?" என்று சித்தப்பா கேட்கும்போது அவருக்குப் பதில் சொல்லும் உரிமை அந்த ஆசிரியருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. அந்த உரிமையை அவர் பயன்படுத்தினால், நான் பத்து ஆண்டுகள் முயன்றும் ஆகாத வேலை ஒரு மாலையில் ஆகும். எங்கள் பள்ளியில் என்னுடன் பணியாற்றிய ஒரு சகோதரி அதைச் செய்தார். அதற்காகத் தம் உறவில் இரண்டு கல்யாணங்களுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

இதற்கு முன்னோடிகள் உண்டா, அல்லது இது புதிதாக வந்த சிந்தனையா?

நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபு இருக்கிறது. ஆரணி வட்டாரத்தில் ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர், நந்தன் பெயரால் கோயில் வாசல் பேசப்பட்ட அதே சிதம்பரத்தில், 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளி நடத்தினார். கல்வி பெறாமல் ஆலய நுழைவு மட்டும் பெற்றால் போதாது என்பதைத் தம் வேலையாலேயே காட்டியவர் அவர். பின்னாளில் சட்டமன்றத்துக்குச் சென்றபோதும் பள்ளியையும் விடுதியையும் கைவிடவில்லை. சென்னையில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த எல்.சி. குருசாமி, பகலில் வேலைக்குப் போகும் தம் மக்களுக்காக 1920களில் இரவுப் பள்ளிகளை நடத்தினார். பகல் பள்ளிக்கு வரவில்லையே என்று குறை சொல்லிக்கொண்டிராமல், அவர்கள் வரக்கூடிய நேரத்துக்குப் பள்ளியை மாற்றியதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு சமூகத்தின் நாள் எப்படி விடிந்து எப்படி முடிகிறது என்பதை அறிந்தவருக்கே அந்த யோசனை வரும்.

அண்மைக் காலத்தில், நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990களிலிருந்து பழங்குடிக் குழந்தைகளுக்காக நடந்துவரும் வித்யோதயா பள்ளியைச் சொல்லலாம். பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற சமூகங்களிலிருந்தே இளைஞர்களை எடுத்து ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது அதன் முக்கியமான முடிவு. வகுப்பில் தன் மொழியைப் பேசும் ஒரு பெரியவர் நிற்கிறார் என்பதே அந்தக் குழந்தைக்கு முதல் பாடமாக அமைகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் நேராகக் கூட்டம் போட்டுப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள், அது ஒரே வாரத்தில் தெருச்சண்டையாகிறது.

இரண்டு வாரம், யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு நாளும் நான்கைந்து செய்திகளை மட்டும் பெயரோடு குறித்து வாருங்கள். இன்று யார் பெருக்கினார்கள். யார் தண்ணீர் எடுத்து வந்தார்கள். ஆசிரியருக்கு டீ வாங்கி வர யாரை அனுப்பினோம். வாய்விட்டு வாசிக்க யாரை எழுப்பினோம். யாரை அடித்தோம் அல்லது திட்டினோம் (உடல் தண்டனையும் மனத்துன்புறுத்தலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை, ஆனாலும் நடக்கின்றன என்பதால் இதைச் சேர்க்கிறேன்). பதினைந்தாம் நாள் அந்தப் பெயர்களை எடுத்துவைத்து, எதிரே அவர்களுடைய தெருவை எழுதுங்கள்.

என் நோட்டில், பெருக்கியவர்கள் பட்டியலில் ஊர்த்தெருப் பிள்ளை ஒருவர் பெயர்கூட இல்லை. என்னை உலுக்கியது அதுவன்று; ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டவள் நான்தான் என்பதே. "நம்ம பிள்ளைங்கதானே" என்ற உரிமையில் கூப்பிட்டிருக்கிறேன். ஊர்த்தெருப் பிள்ளையிடம் துடைப்பத்தைக் கொடுத்தால் சாயங்காலம் யாராவது வந்து கேட்பார்கள், எங்கள் தெருவில் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கும் அந்த உரிமைக்குள் இருந்திருக்கிறது. உள்ளிருந்து மாற்றம் செய்யப் புறப்படுகிறவர் எடுக்க வேண்டிய முதல் கணக்கு இது என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை முதல் வருகைப் பதிவேட்டின் அகரவரிசைப்படி பணிப்பட்டியல் போட்டோம். முதல் நாள் பட்டியலில் ஆசிரியர் இருவரின் பெயரும் இருந்தது. நான் பெருக்கினேன், பிள்ளைகள் பார்த்தார்கள். கழிப்பறையை எந்தக் குழந்தையும் கழுவக் கூடாது என்பதை மட்டும் பட்டியலின் மேலேயே எழுதி ஒட்டினோம்.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே; அது இந்த வேலைக்குப் பயன்படுமா?

அதைப் போன்ற கருவி வேறில்லை, பயன்படுத்தினால். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கேற்ற இடம் தர வேண்டும். 22ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுதான். தமிழ்நாட்டில் 2022இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது.

தீர்மானப் புத்தகத்தைத் தலைமையாசிரியரே எழுதி, ஆயாவிடம் கொடுத்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிவரும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பதை அறிவேன். பெற்றோரும் "நீங்க எழுதிடுங்க டீச்சர், நாங்க கையெழுத்துப் போட்டுடறோம்" என்றே சொல்வார்கள். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் கூலி போகும், வந்தும் தங்கள் பேச்சு ஏறாது என்று அவர்கள் கண்டுகொண்டதன் விளைவு அது.

காலனிப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

எங்கள் முதல் கூட்டத்துக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தோம். ஊர்த்தெருக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் தாழ்வாரத்துத் தூணோரம் நின்றுகொண்டார்கள். ஆறு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. நான் ஒரு அக்காவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவர் நுனியில் உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்ததும் எழுந்துகொண்டார். பிறகு கூட்டம் முடியும்வரை உட்காரவில்லை. அந்த அக்காவால் பேச முடியும். நூறு நாள் வேலைக் களத்தில் கூலி குறைத்துப் போட்டதற்குப் பணித்தளப் பொறுப்பாளரைக் கேள்வி கேட்டவர் அவர்.

அடுத்த மாதம் நாற்காலி வாங்கவில்லை. வகுப்பறையில் ஜமுக்காளம் விரித்து, நானும் உடன் ஆசிரியரும் முதலில் தரையில் உட்கார்ந்துவிட்டோம். வந்தவர்களில் ஒரு பெரியவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தபோது கடைசி வரிசை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. இரண்டு மாதம் கழித்துச் சுற்றுச்சுவர்த் தீர்மானம் வந்தபோது, அந்தப் பெரியவரும் வேட்டியை மடித்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். முட்டி வலிக்கிறது என்றார். சுவரில் சாய்ந்துகொள்ள இடம் கொடுத்தோம்.

இன்னொரு வழக்கமும் உதவியது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முந்திய நாள் மாலை, எங்கள் தெருக் குழாயடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து நாளைய பொருள் என்ன என்று சொல்லிவிடுவேன். முதல்முறை கேட்கும் செய்தியைப் பற்றிப் பலர் முன்னிலையில் யாருக்கும் சட்டென்று பேச்சு வராது. ஓர் இரவு யோசித்துவிட்டு வந்தவர் பேசுவார். இதே வசதி ஊர்த்தெருவுக்குத் திண்ணைப் பேச்சில் தானாகவே கிடைத்துவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தால்?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பெரும்பாலான ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த, தம் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கும் தாய்மாரே சமைக்கிறார்கள். விரிந்த சில வாரங்களிலேயே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியலினப் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பாத செய்திகள் வந்தன. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அப்படிச் சாப்பிடுவது தேவைதான். ஆனால் வந்தவர்கள் மாலையில் போய்விடுவார்கள். மறுநாள் காலை உப்புமா கிண்டப்போகும் அந்தப் பெண்ணோடு இருப்பவர் நீங்கள். ஆகவே, முதல் நாளிலிருந்தே ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அதே போன்ற தட்டில் அதே உணவைச் சாப்பிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்த பிறகு செய்தால் அது நாடகமாகத் தெரியும். சமைப்பவரை மாற்றிவிட்டால் ஊர் அமைதியாகிவிடும் என்று யாராவது சமரசம் பேசினால், ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த அமைதிக்கான விலையை அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும் அவர் மகளும் கொடுப்பார்கள். பெற்றோரிடம் தனித்தனியாகப் பேசுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நடந்ததைத் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள்.

நான் அரசு ஆசிரியர் இல்லை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தேன். எனக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் வட்டாரத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மாலை நேரங்களில் தத்தம் குடியிருப்பிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் மிகப்பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு, கல்யாணமாகி, வேலை இல்லாமல் வீட்டில் இருந்த அந்தப் பெண்களைத் தெரு முழுக்க "டீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கியது. என் பார்வையில், கணக்கு வாய்பாட்டைவிடப் பெரிய மாற்றம் அது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் தயங்காமல் எழுந்து பேசும் பெண்களில் பலர் இவர்களே. எந்தக் குழந்தைக்கு எந்த எழுத்தில் தடுமாற்றம் என்ற உங்கள் குறிப்புகளை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

வீட்டில் தமிழ் பேசாத குழந்தைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது?

எங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குழந்தைகளும், செங்கல் சூளைகளில் ஒடியா பேசும் குழந்தைகளும் உண்டு. மலைப்பகுதிகளில் பழங்குடி மொழிகள் உண்டு. முதல் வகுப்பில் வாய் திறக்காத குழந்தையை "மந்தம்" என்று எழுதிவிடுவது மிகக் கொடிய தவறு. அந்தக் குழந்தை தன் மொழியில் கதை சொல்லட்டும். அந்த மொழி தெரிந்த நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த மொழியில் இருபது சொற்களையாவது நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அதன் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொன்னால், மறுநாள் அந்தக் குழந்தை உட்காரும் விதமே வேறாக இருக்கும்.

நான் தலைமையாசிரியர் இல்லை, இளநிலையில் இருக்கும் ஓர் இடைநிலை ஆசிரியர். என்னால் எவ்வளவு முடியும்?

உங்கள் வகுப்பறை அளவுக்கு முடியும். இருக்கை வரிசையை வாரம் ஒருமுறை மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம்.

எதிர்ப்பும் மிரட்டலும் வந்தால் தனியாளாக எப்படிச் சமாளிப்பது?

தனியாளாகச் சமாளிக்காதீர்கள். உள்ளூர்க்காரரின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது: வெளியூர் ஆசிரியரை மிரட்டினால் மாற்றல் வாங்கிக்கொண்டு போகலாம், உங்களை மிரட்டினால் உங்கள் அண்ணனின் குத்தகை நிலமும் அம்மாவின் ரேஷன் வரிசையும் கூடவே மிரட்டப்படும். ஆகவே, எதையும் உங்கள் பெயரில் செய்யாமல் குழுவின் தீர்மானமாகச் செய்யுங்கள். தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் போன்ற நாள்களில் கூடும் சபையில் பதிவானதை நான்கு பேர் திண்ணையில் உட்கார்ந்து அழித்துவிட முடியாது. ஆசிரியர் சங்கத்தில் நம்பகமான ஒருவருக்குத் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். குழந்தைக்குக் கொடுமை நடந்தால் 1098 என்ற எண்ணிலும், கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மற்றவர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும் தாக்குவதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். அதைச் சமாதானக் கூட்டத்தில் தீர்த்துக்கொள்ளும்படி பாதிக்கப்பட்ட குடும்பத்தை நீங்கள் வற்புறுத்தக் கூடாது.

நான் மாற்றலாகிப் போனபின் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

சில பழையபடி ஆகும். எந்தெந்த மாற்றம் ஆசிரியரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நின்றதோ, அது ஆசிரியரோடு போய்விடும். பெற்றோர் கையிலும் பிள்ளைகள் கையிலும் இருந்தது நிற்கும். ஆகவே, மாறுதல் கலந்தாய்வுக்கு ஓராண்டு முன்பே பணிப்பட்டியலை எழுதும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தேன். அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போகும் முன் நான்காம் வகுப்புக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் நகல் ஒன்று குழுத் தலைவியின் வீட்டில், பிளாஸ்டிக் உறையில் போட்டு, குடும்ப அட்டையோடு வைக்கப்பட்டது. அந்தத் தலைவி, முதல் கூட்டத்தில் நாற்காலி நுனியிலிருந்து எழுந்துகொண்ட அதே அக்கா. புதிய தலைமையாசிரியர் பொறுப்பேற்ற வாரம் அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னது இது: "சார் நல்லவராத்தான் தெரியறாரும்மா. மொத நாளே திட்டத்தைக் கையில கொடுத்து, இதுல மூணாவது வேலை பாக்கி நிக்குதுன்னு சொல்லிட்டு வந்தேன்."